கத்திரி வெயிலில் தோட்டமும் குட்டையும் கோழியும்

சித்திரை பாதி கழிந்ததும் கத்திரி தொடங்குகிறது. ஆங்கிலக் கணக்கில் மே மாதம் 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி 28-ஆம் தேதியளவில் அது முடிகிறது. இந்த நாட்களில் தாம்பரத்தைச் சூழ்ந்த அகரம்தென், மதுரப்பாக்கம், வேங்கைவாசல், முடிச்சூர் முதலிய ஊர்களில் நிலமும் நீரும் உயிர்களும் ஒருங்கே வாடுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். 2003-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சென்னையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸை எட்டியது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் மூலம் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆகவே, கோடையை வெறும் அசௌகரியமாகக் கருதும் காலம் கடந்துவிட்டது. மழைக்காலத்திற்கு முன்னேற்பாடு செய்வதுபோலவே கோடைக்கும் செய்துகொள்ளுதல் வேண்டும்.

வீட்டுக் கொல்லையில் காய்கறித் தோட்டம், வயலோரத்தில் மீன்குட்டை, முற்றத்தில் இருபது கோழிகள் ஆகிய மூன்றும் உள்ள குடும்பங்கள் நம் பகுதியில் இன்னும் இருக்கின்றன. இம்மூன்றுக்கும் ஆதாரம் ஒரே கிணறுதான். ஆதலால் இவற்றைத் தனித்தனியே நோக்காமல், கிணற்று நீரை எதற்கு முதலில் தருவது, எதற்குக் கடைசியில் தருவது என்று முடிவு செய்துகொள்வதே கோடைக் குடித்தனத்தின் முதற்பாடமாகும்.

நீரின் கணக்கு

ஒரு கோழி சாதாரண நாளில் சுமார் கால் லிட்டர் நீர் பருகும். கடும் வெயிலில் அது இருமடங்காகும். இருபது கோழிகளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் போதும். ஒரு சென்ட் காய்கறித் தோட்டத்திற்கு, மண்ணின் மேல் 5 மில்லி மீட்டர் நீர் நிற்கும் அளவு பாய்ச்சினால், 200 லிட்டர் செலவாகும். பத்து சென்ட் பரப்புள்ள குட்டையிலிருந்து நாள்தோறும் 6 மில்லி மீட்டர் ஆவியாவதாகக் கொண்டால், ஒரு நாளில் சுமார் 2,400 லிட்டர் நீர் காற்றோடு போய்விடுகிறது. அதாவது ஐந்து நாளில் ஒரு பெரிய தண்ணீர் லாரி கொள்ளும் நீர் நம் கண்முன்னே மறைந்துவிடுகிறது.

இக்கணக்கிலிருந்து விளங்குவது யாது? கோழிகளுக்கு வேண்டிய நீர் மிகச் சிறிது. அது ஒரு வேளையும் தவறலாகாது. தோட்டத்தின் நீரைச் சிக்கனத்தால் பாதியாகக் குறைக்கலாம். குட்டையையோ கிணற்று நீரைக் கொண்டு கோடை முழுவதும் நிரப்பிக்கொண்டிருத்தல் இயலாத காரியம். அங்கே நீரைக் கூட்டுவதைவிட மீனைக் குறைப்பதே வழி.

தோட்டம்

பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போது தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிர்கின்றன. அப்போது உரமிட்டும் பயனில்லை. நீரைப் பெருக்கியும் பயனில்லை. ஆகவே கோடையில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போன்ற வெயில் தாங்கும் பயிர்களையே நம்புதல் நலம். வேலியோரம் முருங்கையும் அகத்தியும் இருந்தால் கீரையும் கிடைக்கும். அனல் காற்றும் தடைபடும்.

காலை 7 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பின்போ நீர் பாய்ச்சுக. நண்பகலில் ஊற்றும் நீரில் பெரும்பகுதி வேரைச் சேராது. செடியைச் சுற்றிக் காய்ந்த இலை, வைக்கோல், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றை நான்கு விரற்கடை கனத்திற்குப் பரப்பும் மூடாக்கு முறை, செலவின்றி மண்ணின் ஈரத்தைக் காக்கும். பூசணி, பாகல் போன்ற கொடிகளுக்கு அருகே அடியில் சிறு துளையிட்ட மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, துளையில் துணித்திரி செருகி நீர் நிரப்பி வைத்தால், நீர் கசிந்து வேருக்கு மட்டும் சென்று சேரும். இளநாற்றுகளுக்குத் தென்னங்கீற்றால் நிழற்பந்தல் இடுதல் அவசியம். மேற்கு வெயிலே அவற்றை அதிகம் வாட்டுகிறது. ஆதலால் அத்திசையில் கீற்றைத் தாழ்த்திக் கட்டவேண்டும்.

மீன்குட்டை

மீனும் மூச்சு விடுகிறது. நீரில் கரைந்துள்ள பிராணவாயுவே அதற்கு ஆதாரம். 20 டிகிரி வெப்பமுள்ள நன்னீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லி கிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும்; 35 டிகிரியில் 7 மில்லி கிராம் அளவே தாங்கும். அதே சமயம் வெப்பம் கூடக்கூட மீனின் தேவையும் கூடுகிறது. நீர் பாதியாக வற்றினால் மீன்களின் நெருக்கமும் இருமடங்காகிறது. இரவில் பாசியும் நீர்ச்செடிகளும்கூடப் பிராணவாயுவை உட்கொள்கின்றன. ஆதலால் விடியற்காலமே ஆபத்தான வேளை. அப்போது கட்லா, ரோகு முதலிய மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அதனைப் பசி என்று எண்ணித் தீனி இடுவோர் உளர். அது பசியன்று, மூச்சுத் திணறல். உடனே தீனியை நிறுத்தி, பம்பு மூலம் நீரை உயரத்திலிருந்து விழச் செய்து, காற்றோடு கலக்கவிடல் வேண்டும். கோடையில் குட்டையில் சாணம் இடுவதையும் நிறுத்துக. அது மட்கும்போது எஞ்சிய பிராணவாயுவையும் குடித்துவிடும்.

எப்போது பிடிப்பது என்பதே மீன் வளர்ப்போரின் பெருங்கவலை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. அந்நாட்களில் கடல்மீன் வரத்துக் குறைந்து, குட்டை மீனுக்கு நல்ல விலை கிடைக்கிறது. விலை இன்னும் ஏறட்டும் என்று மே இறுதிவரை காத்திருப்பவர், ஒரே விடியலில் அனைத்தையும் இழக்கக்கூடும். தடைக்காலம் தொடங்கும் வாரத்திலேயே பெரிய மீன்களைப் பிடித்துவிடுக. நீர் ஐந்தடிக்குக் குறையாமல் நிற்குமாயின், சிறியவற்றை விட்டுவைக்கலாம். பிடிப்பதும் விற்பதும் விடியற்காலையிலேயே முடியட்டும். மீன் எடைக்கு எடை பனிக்கட்டி இல்லாமல் மீனைத் தாம்பரம் சந்தைக்கு அனுப்பவேண்டாம்.

கோழிகள்

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே 41 டிகிரி அளவில் உள்ளது. வாயைத் திறந்து இரைத்து, மூச்சுக்குழலின் ஈரத்தை ஆவியாக்கியே அது தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. நம் பகுதி கடலுக்கு அண்மையில் இருப்பதால் காற்றில் ஈரப்பதம் மிகுதி. ஈரக்காற்றில் அந்த ஆவி எளிதில் வெளியேறாது. ஆதலால் உள்நாட்டு மாவட்டங்களில் பயன்படும் நனைத்த சாக்குத்திரை, இங்கே காற்றோட்டத்தை அடைக்குமாயின் தீங்கே விளைவிக்கும். நமக்கு முதல் தேவை காற்று, அடுத்தது நிழல், மூன்றாவதாகவே ஈரம்.

இதனை நான் நூல்களில் படித்ததைவிட ஒரு தவற்றினால் கற்றுக்கொண்டதே அதிகம். சில ஆண்டுகளுக்கு முன், நான் பணிபுரிந்த ஒன்றியம் ஒன்றில், மகளிர் குழு ஒன்றிற்குக் கோழிக்கொட்டகை கட்டப்பட்டது. செலவு குறையும் என்று தகரக் கூரையுள்ள மதிப்பீட்டில் கையொப்பமிட்டவன் நான்தான். “ஐயா, ஓலை வேய்ந்தால் நன்றாக இருக்குமே” என்று குழுத்தலைவியார் சொன்னார்; ஓலை நிலைக்காது என்று நான் மறுத்துவிட்டேன். மே மாதத்தில் ஒரு நாள் கடற்காற்று மாலைவரை வரவில்லை. மறுநாள் நான் சென்றபோது, கோழிகளில் பாதிக்குமேல் மடிந்திருந்தன. அவ்வம்மையார் என்னைக் குறை கூறவில்லை. மீந்திருந்த கோழிகளுக்கு நீர் வைத்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே தகரத்தின்மேல் தென்னங்கீற்று வேயப்பட்டது. அதன் பின்பு, கொட்டகை மதிப்பீடு எதிலும் கையொப்பமிடுமுன் அதில் வாழப்போகும் உயிருக்கு அது தகுமா என்று வளர்ப்பவரையே கேட்கிறேன்.

கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக அமைதல் வேண்டும். இறவாரம் மூன்றடி நீண்டிருக்கட்டும். தகரமோ கல்நார்த் தகடோ கூரையாக இருப்பின், மேலே ஓலை பரப்புக. அல்லது வெள்ளைச் சுண்ணாம்பு பூசுக. செரிமானத்தின்போது உடலில் வெப்பம் பிறப்பதால், காலை 8 மணிக்குள்ளும் மாலை 5 மணிக்குப் பின்பும் மட்டுமே தீவனம் இடுக. நீரை மண்கலத்தில் நிழலில் வைத்து, பகலில் மும்முறை மாற்றுக. இரைப்பினால் முட்டை ஓடு மெலிந்துபோகும். மாலைத் தீவனத்துடன் கிளிஞ்சல் தூள் சேர்த்தல் அதற்குத் துணையாகும். சிறகை விரித்துக்கொண்டு கடுமையாக இரைக்கும் கோழியை உடனே நிழலுக்கு எடுத்துச் சென்று, கால்களை நீரில் நனைத்துக் குளிர்ந்த நீர் புகட்டுக. வெயிலில் வலுவிழந்த கோழிகளை வெள்ளைக்கழிச்சல் நோய் எளிதில் பற்றும். கால்நடைத் துறையினர் கோடைக்கு முன்பாக நடத்தும் முகாமில் தடுப்பூசி போட்டுக்கொள்ளத் தவறவேண்டாம். காட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகியும் ஆலோசனை பெறலாம்.

ஊராட்சியின் பங்கு

வீடுதோறும் செய்யும் முயற்சி, ஊர் கூடிச் செய்யும் முயற்சியின்றி நிறைவுறாது. செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் வழியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி தூர்ந்தாலும் கழிவுநீர் கலந்தாலும், அடுத்த ஊரின் கிணறும் மீனும் பாதிக்கப்படும். ஆதலால் வரத்துக்கால்களைக் கோடையிலேயே தூர்வாருதல், ஐப்பசி மழையைச் சேமிப்பதற்கு நாம் செய்யும் முதலீடாகும்.

உறுப்பினர்கள் மூன்று காரியங்களைக் கிராம சபையில் வைத்து முடிவு செய்யலாம். ஊர்க்குளத்து மீன் குத்தகையில், இவ்வளவு நீருக்குக் கீழே இறைத்துப் பிடித்தலாகாது என்ற நிபந்தனையைச் சேர்த்தல் முதலாவது. கால்நடைகளுக்கும் பறவைகளுக்கும் அந்நீரே கதி. விவசாயக் கிணறுகளிலிருந்து லாரிகளுக்கு நீர் விற்பதைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுதல் இரண்டாவது. விற்பவருக்கும் கடன் உண்டு, குடும்பம் உண்டு; ஆயினும் ஒரு கிணறு வற்றும்போது அண்டைக் கிணறுகளும் தாழ்கின்றன என்பதை மறத்தலாகாது. ஊர்ப்பணிகளைக் காலை 10 மணிக்குள் முடித்து, பணியிடத்தில் நிழலும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் வைத்தல் மூன்றாவது. பயிரையும் கோழியையும் காக்கும் கைகளை முதலில் காத்தல் வேண்டுமன்றோ?

கத்திரி வெயிலை நம்மால் தடுக்க இயலாது. கூரையில் ஓலையும், செடியடியில் சருகும், கலத்தில் நீரும் இருக்கச் செய்வது நம் கையில்தான் உள்ளது. அவற்றைப் பங்குனியிலேயே செய்து முடிப்போமாக.