பாறையில் மாட்டினால் பணம் போச்சு... வீட்டிலேயே தயாராகும் மரத்து ‘பொய் மீன்’!

தூத்துக்குடி:

தூண்டிலில் கட்டி இழுக்கும் ‘பொய் மீன்’களை கடையில் வாங்கி கட்டுப்படியாகாத தூண்டில்காரர்கள், வீட்டிலேயே மரத்தில் செதுக்கி பெயிண்ட் அடித்து கடலுக்கு கொண்டு போகிறார்கள். ஆனால் பார்க்க பளபளன்னு இருக்கும் பொய் மீன், ரெண்டே நாளில் தண்ணீர் குடித்து ஊதி, பெயிண்ட் வெடித்து, கடலில் மல்லாந்து விடுகிறது என்பதுதான் பலரது புலம்பல். தப்பு எங்கே நடக்கிறது? இது பற்றிய விபரம் வருமாறு:-

கிழக்கு கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகும் தூண்டிலும்தான் மார்க்கெட்டுக்கு மீன் கொடுக்கிறது. சீலா, பாறை, ஊளி எல்லாம் ஓடுகிற இரையை துரத்திப் பிடிக்கிற ஜாதி. படகு ஓட ஓட தங்கூசியில் பொய் மீனை கட்டி பின்னால் இழுத்துக் கொண்டு போவார்கள். கரையில் நிற்பவர்கள் ராடு, ரீல் வைத்து எறிந்து இழுப்பார்கள்.

கம்பெனி பொய் மீன் ஒன்று பல நூறு ரூபாய். மன்னார் வளைகுடா பக்கம் கடலுக்கு அடியில் பாறைக்கு பஞ்சமில்லை. ஒரு மாட்டு மாட்டினால் நரம்பு அறுந்து அன்றைய கூலியே தண்ணீரோடு போய்விடும்.

நொண்டுற மீனுக்குத்தான் மவுசு

பொய் மீன் என்றாலே உலகம் முழுக்க சொல்கிற பெயர் ரப்பாலா. பின்லாந்து நாட்டு மீனவர் லௌரி ரப்பாலா 1936-ல் தக்கையில் செதுக்கியதுதான் முதல் ஆள். கூட்டமாக போகிற குஞ்சு மீன்களில் எது நொண்டி நொண்டி நீந்துகிறதோ, அதைத்தான் பெரிய மீன் பாய்ந்து கவ்வுகிறது என்பதை பார்த்து வைத்திருந்தார் மனுஷன். அந்த நொண்டல் வரும்படி செதுக்கினார். வெள்ளி மினுமினுப்புக்கு சாக்லெட் சுற்றி வரும் தாளை ஒட்டினார். தண்ணீர் புகாமல் இருக்க போட்டோ நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசினார். 1962-ல் லைஃப் பத்திரிகையில், மர்லின் மன்றோ அட்டைப்படம் போட்ட இதழில், இந்த பொய் மீன் பற்றி கட்டுரை வந்தது. அமெரிக்காவே க்யூவில் நின்றது. ஏழை மீனவர் கையில் கிடைத்ததை வைத்து செய்த சாமான் அது. நம்ம ஊரில் முடியாதா என்ன?

மரம் எது?

தேக்கு வேண்டாம், கனம். கல்யாண முருங்கை, மலைவேம்பு, தீக்குச்சி மரம் என்கிற பெருமரம் போன்ற லேசான மரங்கள் போதும். நன்றாக காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்தால் உள்ளே இருக்கும் ஈரமே பிறகு பெயிண்டை தள்ளி உரித்துவிடும்.

சுமார் 10 செ.மீ. நீளம், 2 செ.மீ. தடிமன் ஆரம்பத்துக்கு சரி. அட்டையில் மீன் வடிவம் வெட்டி, அதை மரத்தில் வரைந்து அறுக்க வேண்டும். உருட்டுவதற்கு முன்பே வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டுக் கொள்வது நல்லது. உருட்டிய பிறகு போட்டால் கோணும். பின்னர் 80, 120, 220 நம்பர் உப்புத்தாள் என்று வரிசையாக தேய்க்க வேண்டும்.

கீறல் எதற்கு என்றால், கம்பிக்கு. இங்கேதான் சிக்கனம் பார்த்து பலர் ஏமாறுகிறார்கள். முன்னால் ஒரு திருகு வளையம், பின்னால் ஒரு திருகு வளையம் என்று மரத்தில் முறுக்கி விட்டால் விரால், கொடுவா குட்டிக்கு தாங்கலாம். பெரிய சீலா ஒரு இழுப்பு இழுத்தால் வளையம் மரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். மீனும் போச்சு, டீசல் காசும் போச்சு. வாயில் முள்ளோடு அந்த மீன் வேறு சாகும். அதனால் மூக்கில் இருந்து வால் வரை ஒரே துண்டாக 1 மி.மீ. துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி ஓட வேண்டும். மூக்கு, வயிறு, வால் மூன்று இடத்திலும் வளையம் விட்டு மடக்கி, கீறலில் உட்கார வைத்து, மரத்தூள் கலந்த எபாக்சி பசையால் அடைக்க வேண்டும். மரமே உடைந்தாலும் மீன் கம்பியில் நிற்கும்.

அடைப்பதற்கு முன் வயிற்றில் ஈயக்குண்டு. நடுவுக்கு கொஞ்சம் முன்னால், எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே. ஈயம் மேலே ஏறினால் பொய் மீன் குடிகாரன் மாதிரி சாய்ந்துவிடும். ஈயத்தை வீட்டில் உருக்கவே கூடாது. புகை விஷம், குழந்தைகளுக்கு ரொம்ப ஆபத்து. வலைக் கடையில் சின்ன குண்டாகவே கிடைக்கிறது.

மிதக்கிறதா என்று பார்க்க வெறும் குழாய் தண்ணீர் பத்தாது. கடல் தண்ணீர் அதைவிட கனம். வாளித் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு போட்டு, முள்ளையும் மாட்டி மிதக்க விட்டு பார்க்க வேண்டும்.

பெயிண்ட் இல்லை, ‘சீல்’தான் உயிர்

வாங்குகிறவர் பெயிண்டை பார்ப்பார். கடல் அதற்கு அடியில் இருப்பதைத்தான் பார்க்கும். மரம் தண்ணீர் குடித்தால் ஊதும், பெயிண்ட் ஊதாது, வெடிக்கும். கனம் கூடி ஆட்டமும் மாறிவிடும்.

ஆசாரிமார் பயன்படுத்தும் சாண்டிங் சீலரை தண்ணியாக கலந்து மூன்று நாலு தடவை முக்கி எடுக்கலாம். ஆளி விதை எண்ணெயில் ஊற வைப்பவர்களும் உண்டு. ஒரு வாரமாவது காய விடணும், இல்லாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. காசே செலவில்லாத வழி, வீணாகக் கிடக்கும் தெர்மோகோலை அசிட்டோனில் கரைத்து கூழாக்கி அதில் முக்குவது. ரப்பாலாவின் நெகட்டிவ் வேலைக்கு இது தம்பி. ஆனால் ஒரு வில்லங்கம். இதற்கு மேல் தின்னர் கலந்த பெயிண்டோ, ஸ்பிரே டப்பாவோ அடித்தால் அடியில் இருப்பது கரைந்து சுருங்கிவிடும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயிண்ட்தான் இதற்கு. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்படியில் வைத்து செய்யாதீர்கள்.

தண்ணீர் பெரும்பாலும் நுழைவது உடம்பு வழியாக அல்ல. வளையம் வெளியே வரும் இடமும், வாய்த்தகடு சொருகும் பள்ளமும்தான் ஓட்டை. சீல் செய்ததும் தராசில் எடை போட்டு, ராத்திரி முழுக்க தண்ணீரில் அமுக்கி வைத்து, காலையில் துடைத்து மறுபடி எடை போடுங்கள். கூடியிருந்தால் எங்கோ ஒழுகுது என்று அர்த்தம்.

பெயிண்ட் வேலை ஜாலியானது. முதலில் வெள்ளை. பிறகு சாளை மாதிரி வேண்டுமானால் முதுகு நீலப்பச்சை, விலா வெள்ளி, வயிறு வெள்ளையாகவே இருக்கட்டும். பழைய கொசுவலையை இறுக்கி சுற்றி அதற்கு மேல் ஸ்பிரே அடித்து உரித்தால் அச்சு அசல் செதில். கண் மட்டும் பெரிசாக கறுப்பாக வையுங்கள்.

பனியில் பூசினால் பால் நிறம்

கடைசி பூச்சு, மெதுவாக இறுகும் இரண்டு டியூப் எபாக்சி. 5 நிமிடத்தில் இறுகும் ரகம் வேண்டாம், பூசி முடிப்பதற்குள் கட்டிவிடும், சீக்கிரம் மஞ்சளும் அடிக்கும். டியூபில் சொன்ன அளவு மாறினால் ஜென்மத்துக்கும் பிசுபிசுப்பு போகாது. இறுகும் வரை வாலையும் மூக்கையும் பிடித்து திருப்பிக் கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் வயிற்றில் சொட்டு தொங்கும்.

நாமும் ஒன்று செய்து பார்த்தோம். ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் பூசி வைத்தோம். காலையில் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டியது, பால் ஊற்றிய மாதிரி வெளுத்து எண்ணெய் பிசுக்காக கிடந்தது. காற்றில் ஈரம் அதிகமானால் அப்படித்தானாம். வெயில் ஏறிய பிறகு வீட்டுக்குள் வைத்து பூசியது தப்பித்தது. கார் பெயிண்ட் கடையில் விற்கும் இரண்டு கலவை கிளியர் இன்னும் பளபளக்கும். ஆனால் அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண துணி முகமூடி அதற்கு பத்தாது, மூச்சுக்குழலை கெடுத்துவிடும்.

வாய்த்தகடுக்கு பாலிகார்பனேட் ஷீட், சின்ன பொய் மீனுக்கு பழைய சி.டி.யே போதும். தகடு நெட்டுக்குத்தாக நின்றால் மேலோட்டமாக ஓடும். படுக்க வைத்தால் ஆழம் போகும். இழுக்கும்போது இடது பக்கமே ஓடினால் மூக்கு வளையத்தை வலது பக்கம் ஒரு நூல் அளவு வளைக்க வேண்டும். அதற்கு மேல் வளைத்தால் பசை விட்டுவிடும்.

துறைமுக தடை பகுதியிலும், மன்னார் வளைகுடா தீவுகளை சுற்றியுள்ள தேசிய பூங்கா எல்லைக்குள்ளும் தூண்டில் போடக்கூடாது. பிடிபட்டால் வழக்குதான்.

நாம் செய்த பொய் மீன் என்ன ஆச்சு என்கிறீர்களா? ஊளி ஒன்று துரத்தி வந்தது நிஜம். மூன்றாவது எறியில் பாறையில் மாட்டி நரம்பு அறுந்தது. மரத்துண்டும் கம்பியும் சேர்த்து செலவு ஒரு டீ, ரெண்டு வடை காசு. அடுத்தது மலைவேம்பில் செதுக்கிக் கொண்டிருக்கிறோம்.