சாம்பலில் தாத்தாவைத் தேடுகிறார்கள்!

1922-ம் ஆண்டு ஜூன் மாதம் 30-ந் தேதி.

அயர்லாந்து நாட்டின் தலைநகரான டப்ளினில் உள்நாட்டுச் சண்டை நடந்து கொண்டிருந்தது. "நான்கு கோர்ட்டுகள்" என்ற பெரிய கட்டிடத்தை எதிர்ப்படையினர் பிடித்து வைத்து இருந்தார்கள். அரசாங்கப் படை பீரங்கியால் சுட்டது.

திடீர் என்று பயங்கர வெடிச் சத்தம்! அதே காம்பவுண்டில் இருந்த ஆவணக் காப்பகம் பற்றி எரிந்தது. கருகிய காகிதங்கள் நகரம் எங்கும் பறந்து விழுந்தன.

1821, 1831, 1841, 1851-ம் ஆண்டுகளில் எடுத்த ஜனத்தொகைக் கணக்குகள் அநேகமாக முழுவதும் சாம்பல். உயில்களும், பல தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவுகளும் சாம்பல். அடுத்த நான்கு கணக்குகளையோ அரசாங்கமே முன்பு அழித்து விட்டது! முழுதாக மிஞ்சியவற்றில் பழையது 1901-ம் ஆண்டுக் கணக்குதான்.

ஆனால் லட்சக்கணக்கானவர்கள் அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போய் விட்டார்கள். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பல் ஏறினார்கள். இன்று அமெரிக்காவிலும், கனடாவிலும், ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் அவர்கள் வம்சத்தார், "எங்கள் பாட்டன் எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள்.

பதில் எங்கே கிடைக்கிறது? வரி போட்டவனிடமும், வழக்குப் போட்டவனிடமும்!

சிவப்பு ஜான்

ரிச்சர்ட் கிரிபித் என்ற அதிகாரி நாடு முழுவதும் நிலத்துக்கு மதிப்புப் போட்டார். அந்தப் புத்தகங்கள் 1847 முதல் 1864 வரை வெளிவந்தன. நிலத்தில் இருப்பவர் யார், குத்தகைக்கு விட்டவர் யார், எத்தனை ஏக்கர், மதிப்பு என்ன என்று எல்லாம் அதில் உண்டு. குடிசைக்காரன் பெயரும் இருக்கிறது.

ஒரே ஊரில் நான்கு ஜான் மர்பி இருந்தால்? ஒருவன் பெயரை அடுத்து அப்பா பெயரை எழுதினார்கள். இன்னொருவன் பெயரை அடுத்து "சிவப்பு" என்று எழுதினார்கள். தலைமுடி நிறம்!

பிறகு, ஆள் மாறும்போது எல்லாம் பழைய பெயரை அடித்துப் புதுப்பெயரை வேறு நிற மையில் எழுதினார்கள். அடித்த பெயருக்குப் பக்கத்தில் ஆண்டு இருக்கும். அந்த ஆண்டில் அவர் இறந்து இருக்கலாம். கப்பல் ஏறி இருக்கலாம். தேடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

மூன்று உயிர்க் குத்தகை

சற்று வசதி உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1708-ல் ஏற்பட்ட பத்திரப் பதிவு ஆபீசு வேறு கட்டிடத்தில் இருந்ததால் தப்பியது. கத்தோலிக்கர்கள் கைக்கு நிலம் போகாமல் தடுக்க உண்டான ஆபீசு அது. இன்று கத்தோலிக்கக் குடும்பத்தாரும் அங்கே பாட்டனைத் தேடுகிறார்கள்!

அக்காலத்தில் "மூன்று உயிர்" குத்தகை என்று ஒன்று இருந்தது. பத்திரத்தில் மூன்று பேர் பெயரை எழுதுவார்கள். அந்த மூவரில் கடைசி ஆள் சாகும்வரை குத்தகை செல்லும். சிறுவர்கள் நீண்ட நாள் வாழ்வார்கள் அல்லவா? ஆகவே குத்தகைக்காரர் தன் பிள்ளைகள் பெயரையே எழுதினார். சில பத்திரங்களில் வயதும் இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவு எரிந்தாலும் பிள்ளை பெயர் மிஞ்சியது.

நாயும் மாடும்

ஏழைகளை அதிகம் காட்டுவது சில்லறை வழக்குக் கோர்ட்டுதான். மாட்டை ரோட்டில் அலைய விட்டான். குடித்து விட்டுத் தெருவில் கிடந்தான். லைசென்சு இல்லாமல் நாய் வளர்த்தான். இந்தக் குற்றங்களுக்கு எல்லாம் அபராதம். வாதி, பிரதிவாதி, சாட்சி பெயர்கள், ஊர் எல்லாம் நோட்டில் ஏறி விடும்.

நாய்ச் சட்டம் 1865-ல் வந்தது. லைசென்சுப் புத்தகத்தில் சொந்தக்காரர் பெயரோடு நாயின் நிறமும் இருக்கும். பாட்டனின் முகம் தெரியாது. அவர் நாய் கறுப்பு என்று தெரியும்!

எரிந்த ஆவணங்களுக்குப் பல நாடுகளில் நகல் தேடி, 2022 ஜூனில் இன்டர்நெட்டில் ஒரு காப்பகம் திறந்தார்கள். கிரிபித் புத்தகத்தையும் வீட்டில் இருந்தே பார்க்கலாம். அதில் உள்ள எண்ணை வரைபடத்தோடு பொருத்தினால், பாட்டன் உழுத வயல் எது என்று தெரிந்து விடும். பலர் விமானம் ஏறிப் போய் அந்த வயலைப் பார்த்து வருகிறார்கள்.