இதயம் தேறும் காலம்

உடலில் எந்தத் தசை பருத்தாலும் அதை வலிமையின் அடையாளமாகவே கருதிப் பழகிவிட்டோம். இதயத் தசைக்கு அந்தக் கணக்கு பொருந்துவதில்லை. இதயத்தின் இடது கீழறைச் சுவர் ஏறத்தாழ 12 மில்லிமீட்டருக்குள் இருப்பதே இயல்பு. உயர் ரத்த அழுத்தம், வால்வுச் சுருக்கம் போன்ற காரணங்கள் ஏதுமின்றி அந்தச் சுவர் 15 மில்லிமீட்டரையோ அதற்கு மேலோ எட்டினால், மருத்துவர்கள் அதனை 'ஹைப்பர்டிராபிக் கார்டியோமயோபதி' என்கிறார்கள். தமிழில் இதயத் தசைத் தடிப்பு நோய் என்று சொல்லலாம். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களில் பெரும்பாலோர் தமக்கு இந்நோய் இருப்பதை அறியாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். ஆடுகளத்தில் திடீரெனச் சரிந்து உயிர்விடும் இளைஞர்களைப் பற்றிய செய்திகளுக்குப் பின்னாலும் பல நேரங்களில் இதுவே இருக்கிறது.

கடந்த ஆண்டு, 66-ஆவது வயதில், இந்நோய்க்காக என் மார்பைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன். ஆயினும், தேறிவரும் மாதங்களில் படித்தும் பட்டும் அறிந்தவற்றுள் சில, என்னைப் போன்ற பிறருக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் பயன்படக்கூடும்.

இந்நோயைப் பற்றிய தெளிவான முதல் விளக்கம் 1958-ஆம் ஆண்டில் வெளியானது. லண்டனைச் சேர்ந்த நோய்க்குறியியலாளர் டொனால்ட் டியர், தடித்த இதயச் சுவர்கொண்ட எட்டுப் பேரின் உடற்கூறாய்வை விவரித்திருந்தார்; பெரும்பாலும் இளவயதில் திடீரென இறந்தவர்கள் அவர்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் பெதஸ்டாவில் ஆண்ட்ரூ மாரோ என்ற அறுவை மருத்துவரும் யூஜின் பிரான்வால்ட் என்ற இதய மருத்துவரும் ஒரு புதிரைச் சந்தித்தார்கள். நோயாளியின் இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பாதையில் அடைப்பு இருப்பதாக அழுத்த அளவுகள் காட்டின. திறந்து பார்த்தால் அங்கே அடைப்பு எதுவும் இல்லை.

நின்றுபோன, ரத்தம் வடிந்த இதயத்தில் அது தெரியாது என்பதே விடை. இதயம் சுருங்கும்போதுதான் அடைப்பு உருவாகிறது. தடித்த இடைச்சுவர், பெருந்தமனிக்குச் செல்லும் வழியைக் குறுக்குகிறது. குறுகிய வழியில் ரத்தம் விரைந்து பாயும்போது, பக்கத்திலிருக்கும் ஈரிதழ் வால்வின் ஓர் இதழ் இழுபட்டு, இடைச்சுவரில் போய் ஒட்டி, பாதையை மேலும் மறிக்கிறது. ஆகவே அடைப்பின் அளவு நேரத்துக்கு நேரம் மாறும். உடலில் நீர் குறைந்தால் கூடும். எழுந்து நின்றால் கூடும். வயிறு நிறைய உண்டபின் நடந்தால் கூடும். மாரோ வகுத்த அறுவை முறை இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. அவருக்கே இந்நோய் இருந்தது. 1982-இல் அதனாலேயே இறந்தார்.

உண்டபின் மூச்சு வாங்குவது எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. வாயுத் தொல்லை என்றே மருந்து தந்தார்கள். பின்னர் மார்பு வலி வந்தபோது, மாரடைப்பு என்று கருதி நாவுக்கடியில் வைக்கும் மாத்திரையைத் தந்தார் ஒரு மருத்துவர். ரத்தக் குழாய்களை விரிக்கும் அந்த வகை மாத்திரை, அடைப்புள்ள தசைத் தடிப்பு நோயில் நிலைமையை மோசமாக்கும். நான் அங்கேயே மயங்கி விழுந்தேன். ஆஞ்சியோகிராமில் குறையொன்றும் இல்லை. என்னை நிற்கவைத்து ஸ்டெதஸ்கோப்பில் கேட்ட இளம் மருத்துவர் ஒருவர்தான், படுத்திருக்கும்போது கேட்டதைவிட இரைச்சல் கூடுவதைக் கவனித்து எக்கோவுக்கு அனுப்பினார். இடைச்சுவர் 22 மில்லிமீட்டர் இருந்தது. பாதையின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு 90 அலகு. 50-ஐத் தாண்டி, மருந்துக்கும் தொல்லைகள் அடங்காவிட்டால் அடுத்த கட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்.

மருந்துகள் உண்டு. இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா தடுப்பான்கள் முதலில் வரும். தசையின் மிகைச் சுருக்கத்தை நேரடியாகக் குறைக்கும் மாவாகாம்டென் என்ற புதிய மருந்துக்கு அமெரிக்கா 2022-இல் ஒப்புதல் அளித்தது. மார்பைத் திறக்காமல், இடைச்சுவருக்குச் செல்லும் சிறு ரத்தக் குழாயில் ஆல்கஹாலைச் செலுத்தித் தசையின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்யும் முறையும் 1990-களிலிருந்து இருக்கிறது. என் சுவரின் தடிமனையும் வால்வின் அமைப்பையும் பார்த்தபின், தசையை வெட்டி எடுப்பதே மேல் என்றார்கள்.

எங்கே செய்துகொள்வது என்ற கேள்வியில்தான் என் பழைய பாடம் கைகொடுத்தது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவரின் கைத்திறன் கூடும் என்று ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதியது குண்டூசித் தொழிலைப் பற்றி. அமெரிக்காவில் 2003 முதல் 2011 வரை நடந்த இந்த அறுவைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வொன்றில், மிகக் குறைவாக இதைச் செய்த மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 15.6 சதவீதமாகவும், அதிகமாகச் செய்தவற்றில் 3.8 சதவீதமாகவும் இருந்தது. இதற்கெனவே பெயர்பெற்ற மையங்களில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழ். ஆதலால் மருத்துவமனையின் கட்டடத்தையோ விளம்பரத்தையோ பாராமல், 'இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள்?' என்று ஒவ்வோரிடத்திலும் கேட்டேன். ஓரிடத்தில் முகம் சுளித்தார்கள். கூச்சமின்றி விடை சொன்ன சென்னை மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தேன். திருச்சியிலிருந்து போவது அலைச்சல்தான்.

அறுவையைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை, மயக்கத்தில் இருந்தேன். மார்பெலும்பை நெடுக்காகப் பிளந்து, ரத்த ஓட்டத்தை இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு மாற்றி, இதயத்தை நிறுத்தி, பெருந்தமனியைத் திறந்து அதன் வால்வின் வழியாகவே உள்ளே சென்று தசையைச் சீவி எடுக்கிறார்கள். எடுத்தது ஏழு கிராம் என்றார் மருத்துவர். 'ஒரு சவரன்கூட இல்லையா!' என்றாள் என் மனைவி. பிளந்த எலும்பை எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டுவார்கள். அவை ஆயுளுக்கும் உள்ளேயே இருக்கும்.

அறுவையை விளக்க மருத்துவர்களுக்கு அரைமணி நேரம் இருந்தது. தேறுவதை விளக்க ஐந்து நிமிடம். நோயாளிக்கோ அறுவை ஐந்து மணி நேரம், தேறுவது ஐந்து மாதம்.

மார்பெலும்பு கூடுவதற்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை கைகளை ஊன்றி எழக்கூடாது. பக்கவாட்டில் புரண்டு கால்களைத் தொங்கவிட்டு எழ வேண்டும். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடம் மட்டுமல்ல, ஓடிவந்து ஏறும் பேரப் பிள்ளையும் இதில் அடக்கம். இரு சக்கர வாகனம் கூடாது. தும்மலும் இருமலும் வரும்போது ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். அறுவைக்குப்பின் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கும் என்பதால் இருமாமலும் இருக்கக்கூடாது. மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியை உறிஞ்சிப் பந்துகளை மேலே எழுப்பும் மூச்சுப் பயிற்சியை விளையாட்டுப் பொருளென்று ஒதுக்கியவர்கள், சளியோடு மீண்டும் படுக்கைக்குத் திரும்பியதைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் என் நாடி ஒழுங்கு தவறி நிமிடத்துக்கு 140-ஆக ஓடியது. இதய மேலறை நடுக்கம் எனப்படும் இது, இதய அறுவை செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை காண்பது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் என் மகள் அன்றிரவு அத்தனை அழுதிருக்க மாட்டாள். பெரும்பாலும் சில நாள்களில் சீராகிவிடும். எனினும் ரத்தம் உறையாதிருக்க மூன்று மாதம் வார்ஃபரின் கொடுத்தார்கள். கீரையைத் தவிர்க்க வேண்டுமா என்று கேட்டதற்கு, தவிர்க்க வேண்டாம், வாரந்தோறும் ஒரே அளவாக உண்ணுங்கள் என்றார் மருத்துவர். மருந்தின் அளவை அந்த உணவுக்கு ஏற்றாற்போல் வகுத்துக்கொள்ளலாமாம். இதய நோயாளி என்றாலே தண்ணீரைக் குறைக்கச் சொல்லும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்நோயில் உடல் வறண்டுபோவது ஆபத்து. எவ்வளவு குடிப்பது என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

உடலைவிட மனம் தாமதமாகத் தேறியது. வானொலியில் பழைய பாட்டு வந்தால் கண் கலங்கும். நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையில் மூன்றாம் பத்திக்கு வரும்போது முதற்பத்தி மறந்துபோகும். பெரிய இதய அறுவைக்குப்பின் சோர்வும் அழுகையும் மறதியும் பலருக்கும் வருபவை; பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் நீங்குபவை. நீங்காவிட்டால் அதற்கும் மருத்துவம் உண்டு. நம் வீடுகளில் இதைச் சொன்னால் 'உயிர் பிழைத்ததே பெரிது' என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

நடைதான் மருந்து. ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பதில் எனக்கு ஒரு வசதி, வீதிகளே அளவுகோல். முதல் வாரம் வாசலிலிருந்து தெருமுனை வரை. ஆறாம் வாரம் உத்திர வீதிகள் நான்கையும் ஒரு சுற்று. நான்காம் மாதம் அதற்கு வெளியே உள்ள சித்திரை வீதிகள். முன்பெல்லாம் உண்டபின் நூறடி நடந்தால் நின்றுவிடும் மூச்சு, இப்போது நிற்பதில்லை. அழுத்த வேறுபாடு 90-லிருந்து 8-ஆகக் குறைந்திருக்கிறது.

இவ்வளவும் எனக்கு வாய்த்ததற்குக் காரணம் என் மன உறுதி என்று எவரும் பாராட்ட வேண்டாம். ஓய்வூதியம் மாதந்தோறும் வந்தது. மனைவியும் மகளும் ஊதியமில்லாச் செவிலியர்களாக இருந்தார்கள். மகள் ஆறு வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாள். அடுத்த படுக்கையில் இருந்தவர் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்குபவர், வயது 43. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அவருக்கு வால்வு மாற்றினார்கள். ஒரு ரூபாய் செலவில்லை. அது சாதாரணச் சாதனை அன்று. வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவர், 'மூணு மாசம் வெயிட் தூக்கக் கூடாது' என்றார். அவர் என் பக்கம் திரும்பி, 'தூக்கலேன்னா வூட்ல அடுப்பு எப்படி சார் எரியும்?' என்று கேட்டார்.

நம்முடைய காப்பீட்டுத் திட்டங்களில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறார்கள். மத்திய அரசின் திட்டத்தில் வீடு திரும்பியபின் 15 நாள் வரையிலான மருத்துவச் செலவும் அடங்கும். இழந்த கூலி எதிலும் அடங்காது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள, தொழிலாளர் காப்பீட்டில் சேர்ந்தவருக்கு, நோய்வாய்ப்பட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். மார்பெலும்பு கூடுவதற்கான 12 வாரம் என்பது 84 நாள்; கணக்கு கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஆனால் மூட்டை தூக்குபவரும் கட்டட வேலை செய்பவரும் பெரும்பாலும் அந்தக் காப்பீட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். அவர் ஐந்தாம் வாரமே சந்தைக்குப் போனால், கம்பி தளர்ந்து எலும்பு விலகி, அரசு செலவிட்ட முழுத் தொகையும் வீணாகக்கூடும்.

நாளொன்றுக்கு 400 ரூபாய் என்று கொண்டால் 84 நாளுக்கு 33,600 ரூபாய். அறுவைக்கு ஆகும் செலவைவிட இது குறைவு. கருவுற்ற ஏழைப் பெண்களின் கூலி இழப்பை ஈடுசெய்ய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உதவித் திட்டம் நடத்தும் மாநிலம் இது. காசநோயாளிகளின் ஊட்டத்துக்கு வங்கிக் கணக்கில் பணம் போடும் நாடு இது. நோயாளியின் வயிற்றையும் சிகிச்சையின் பகுதியாகக் கருதும் கொள்கை நமக்குப் புதிதன்று. இதய அறுவைக்கு அதை நீட்டிப்பதில் நிதித்துறைக்கு என்ன தயக்கம் இருக்க முடியும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இனி, குடும்பங்களுக்குள் பேசப்படாத ஒன்று. இது பரம்பரையாக வரும் நோய். காரணமான மரபணு மாற்றம் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு ஐம்பது சதவீதம். ஆண், பெண் பேதமில்லை. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம் தெற்காசியரில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம் இருப்பதாகவும், அது இதயத் தசை நோய்களோடு தொடர்புடையது என்றும் 2009-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவரும் ஈசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது, அரைமணி நேர வேலை. ஒருமுறை இயல்பாக இருந்தால் போதாது. வளரும் பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுக்கொருமுறையும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கொருமுறையும் திரும்பப் பார்க்க வேண்டும். நோய் தெரிந்துவிட்டால் திடீர் மரண ஆபத்தை மதிப்பிடலாம். தேவைப்படுவோருக்கு மார்பில் பொருத்தும் மின்னதிர்ச்சிக் கருவி உயிர் காக்கும்.

இதைச் சொல்லி என் உறவினர்களுக்கெல்லாம் தொலைபேசியில் பேசினேன். 'கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு இப்போது போய் இதையெல்லாம் ஏன் கிளற வேண்டும்? முதலில் கழுத்தில் தாலி ஏறட்டும்' என்றார் ஒருவர். அவரை எளிதில் குறை கூறிவிட முடியாது. நோய்க்குறிப்பு வெளியே கசிந்தால் வரன் தட்டிப்போகும் என்ற அச்சம் பொய்யானதன்று. ஆனால் இந்நோய் இருப்பது தெரியாமல் கருவுறுவதைவிட, தெரிந்து மருத்துவரின் கண்காணிப்பில் இருப்பது தாய்க்குப் பாதுகாப்பு. இந்நோயுள்ள பெண்களில் பெரும்பாலோர் நலமாகவே பிள்ளை பெறுகிறார்கள். பத்துப் பொருத்தமும் பார்ப்பவர்களிடம் இதை நான் மூன்று முறை சொல்லிவிட்டேன்.

என் மகளுக்குச் சுவர் 10 மில்லிமீட்டர். பெங்களூரில் இருக்கும் மகனுக்கு 14. ஈசிஜியிலும் மாறுதல் தெரிகிறது. குடும்பத்தில் ஒருவருக்கு நோய் இருந்தால், மற்றவர்களுக்கு 13 மில்லிமீட்டரே போதுமான அறிகுறி. அவனுக்கு இப்போது தொல்லை எதுவுமில்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் பெரும் எடை தூக்குவதை நிறுத்திவிட்டான். தன் ஆறு வயது மகனுக்கு எக்கோ எடுக்க அடுத்த மாதம் நேரம் வாங்கியிருக்கிறான்.