ஒரு வயர் செய்த வேலை

ஓசூர் தாண்டி, எல்லை தாண்டினால் அத்திபெலே. இங்கே கம்பெனிகள் நிறைய. அதில் ஒன்றில் நான் கணக்கு எழுதினேன். ஒரு சம்பள நாள். காலை 11 மணிக்கு எல்லாக் கம்ப்யூட்டரும் நின்றுவிட்டன. சம்பளம் மறுநாள்தான் கிடைத்தது. அன்று இரவு சிலர் வட்டிக்கு வாங்கினார்கள்.

என்ன நடந்தது?

அறை துடைக்கும் அக்கா ஒரு வயரைப் பார்த்தார். அதன் ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தது. 'கழன்றுவிட்டது போல' என்று நினைத்தார். பக்கத்தில் இருந்த பெட்டியில் செருகினார். அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிக்கும் சுவிட்ச் என்றுதான் பெயர். விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. அதில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு கம்ப்யூட்டருக்கு வயர் போகும். இந்த ஏற்பாட்டுக்கு ஈதர்நெட் என்று பெயர்.

செய்தி இரண்டு வகை. ஒன்று கடிதம் போல. யாருக்கோ அவருக்கு மட்டும் போகும். இன்னொன்று தண்டோரா போல. "பிரிண்டர் எங்கே இருக்கிறது?" என்று ஒரு கம்ப்யூட்டர் கேட்கும். பெட்டி அதை எல்லாத் துளைகளுக்கும் அனுப்பும்.

அக்கா செருகிய வயரின் மறு முனையும் அதே பெட்டியில்தான் இருந்தது! தண்டோரா ஒரு துளையில் வெளியே போனது. இன்னொரு துளை வழியாகத் திரும்பி வந்தது. பெட்டி அதைப் புதுச் செய்தி என்று நினைத்தது. மறுபடி எல்லோருக்கும் அனுப்பியது. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை! கடிதங்களுக்கு வழி இல்லை. பெட்டியின் விளக்குகள் எல்லாம் படபடவென்று ஒன்றாக மின்னின. இதைப் 'புயல்' என்கிறார்கள்.

செய்தி நெரிசல் அணு உலையையே நிறுத்த வைத்திருக்கிறது. 2006 ஆகஸ்ட் 19. அமெரிக்காவில் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையம். கட்டுப்பாட்டுக் கருவிகளை இணைக்கும் வலையில் செய்திகள் அளவு மீறின. 3ஆம் உலையில் தண்ணீரைச் சுழற்றும் பம்புகள் நின்றன. ஊழியர்கள் உடனே உலையை நிறுத்தினார்கள். பிறகு, கருவிகளுக்குப் போகும் செய்திகளை அளவோடு விடும் காவல் வைத்தார்கள்.

நம் பெட்டிக்கும் அப்படிக் காவல் உண்டு. ஒவ்வொரு துளைக்கும் ஓர் அளவு சொல்லி வைக்கலாம். 100 பங்கில் 5 பங்குக்கு மேல் தண்டோரா வந்தால், மிச்சத்தைப் பெட்டி தள்ளிவிடும். சில பெட்டிகள் அந்தத் துளையையே மூடிவிடும். அளவை மிகவும் குறைக்கக் கூடாது. தேவையான அழைப்பும் நின்றுபோகும். வயர் சுற்றிக்கொண்டால் கண்டுபிடித்து ஒரு வழியை அடைக்கும் முறையும் உண்டு. அதை 1985இல் அமைத்தவர் ரேடியா பெர்ல்மன் என்ற பெண்.

விலை குறைந்த பல பெட்டிகளில் இந்தக் காவல் எதுவும் இல்லை. எங்கள் பெட்டியும் அப்படித்தான். ஆனால் திட்டு வாங்கியது அக்கா. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு வயரைச் செருகினால் ஆபீசே நிற்கும் என்றால், குறை பெட்டியில்தான்.

அடுத்த மாதம் வேறு பெட்டி வந்தது. ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் பெயர்ச் சீட்டு ஒட்டினோம். அக்கா நம் வகுப்பில் படிப்பவர். பாதிச் சீட்டுகளை அவர்தான் எழுதினார்.