படி இறங்காத பத்து ஆண்டுகள்

காக்ஸ் டவுனில், கிழக்குப் பெங்களூர் ரயில் நிலையத்திற்கு அதிகத் தொலைவில்லாத ஒரு தெருவில், மாடியில் குடியிருக்கும் நம்மவர் குடும்பம் ஒன்றைச் சென்ற மாதம் கண்டு வந்தோம். மூத்த மகனுக்கு வயது 24. அஞ்சல் வழிக் கல்வியில் பி.காம். பட்டம் பெற்றவர். டுஷேன் தசைச் சிதைவு நோய் பன்னிரண்டாம் வயதிலேயே அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்திவிட்டது. "கீழே இறங்க இரண்டு பேர் தூக்க வேண்டும், ஐயா. ஆதலால் வெளியே போகவேண்டும் என்று நான் கேட்பதேயில்லை" என்றார். பத்து ஆண்டுகளாக ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் அவர் சென்றதில்லையாம். நோயைக் காட்டிலும் இச்சொல்லே நம்மை வருத்திற்று.

இந்நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே பற்றும். டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதத்தை உடல் ஆக்க இயலாமையால் தசைகள் சிறுகச் சிறுக நலிகின்றன; நாளடைவில் மூச்சும் இதயமும் தளர்கின்றன. முன்னாளில் இருபது வயதைக் கடத்தலே அரிது. ஸ்டீராய்டு மருந்தும், இரவில் மூச்சுக்குத் துணைசெய்யும் கருவியும் வந்தபின் முப்பதைக் கடந்தும் பலர் வாழ்கின்றனர். ஆயுள் நீண்டது, அவ்வாயுளுக்கேற்ற வீடும் வேலையும் இன்னும் வந்தபாடில்லை. குழந்தை வைத்தியரிடமே வளர்ந்தவர் பதினெட்டு வயதானபின் எவரிடம் செல்வது?

சுற்றத்தார் தாயைப் பழிப்பதையும் அவ்வீட்டில் கேட்டோம். குறையுள்ள மரபணு தாய்வழி வருவதுண்டு. ஆயினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அது புதிதாகவே தோன்றுகிறது. வந்தாலும் அது அவள் குற்றமாகுமா? அம்மையாரோ அதற்கு மறுமொழி கூறாமல் நமக்குக் காப்பி கொணர்ந்தார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச் சிதைவையும் ஏற்று, அரசு வேலைகளில் ஒதுக்கீட்டிற்கு வழி செய்துள்ளது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் பிறந்தது. மறு ஆண்டு உதவித் தொகையின் வரம்பு 50 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. பெருந்தொகைதான். ஆனால் வாழ்நாள் முழுதும் விலையுயர்ந்த மருந்து வேண்டுவோர்க்கு அது எத்தனை காலம் வரும்?

சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்னும் சகோதரியர் தசைச் சிதைவுற்ற நிலையிலேயே ஆதவ் அறக்கட்டளையை நிறுவித் தம் போன்றோர்க்குத் தொண்டாற்றினர். மூத்தவர் மறைந்துவிட்டார். அவர்களைப் பற்றிச் சொன்னபோது இவ்விளைஞர் நிமிர்ந்து, "அவர்கள் வீட்டில் படி உண்டா?" என்றுதான் முதலில் கேட்டார்.

காக்ஸ் டவுன், குக் டவுன், ஜீவனஹள்ளிப் பகுதிகளில் தரைத்தள வீடு வாடகைக்கு இருப்பின், அன்பர்கள் சங்கக் காரியாலயத்திற்குத் தெரிவிக்கக் கோருகிறோம். வாயிற்படி உயரமாயின் சாய்தளம் அமைக்கும் செலவைக் குடும்பத்தாரே ஏற்பர். கணக்கெழுத ஆள் தேடும் வியாபாரிகளும் எழுதலாம். விரல்கள் இன்னும் நன்றாகவே இயங்குகின்றன.