நாவல் இல்லாத ஒரு வாசிப்புப் பட்டியல்

அடுத்து என்ன படிக்கலாம் என்று நாவல் வாசகரிடம் கேட்டால், பெரும்பாலும் இன்னொரு நாவலைத்தான் சொல்வார். விருதுகளின் போக்கும் அப்படியே இருந்தது. 2018 முதல் 2023 வரை தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருது ஐந்து முறை நாவலுக்குப் போனது. 2021இல் மட்டும் அம்பையின் சிறுகதைத் தொகுப்புக்கு. 2024இல் அந்தப் புனைகதை வரிசை உடைந்து, ஓர் ஆய்வு நூல் விருது பெற்றது. அகாதெமி இதோடு யுவ புரஸ்கார், பால சாகித்திய புரஸ்கார், மொழிபெயர்ப்பு விருது ஆகியவற்றையும் தருகிறது. அந்த ஆண்டின் நான்கு நூல்களையும் வாங்கிவிட்டால் நான்கு வகை வாசிப்பு கைக்கு வந்துவிடும்.

ஆய்வு நூல், ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. வ.உ.சி. என்றதும் நமக்குக் கப்பலும் செக்கும்தான் நினைவுக்கு வரும். இந்நூலின் மையம் வேறு. 1908 மார்ச் 12 அன்று அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் நெல்லை கொதித்தெழுந்தது. அரசுக் கட்டடங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டார்கள். பிறகு தண்டனைக் காவல் படை வந்தது, அதன் செலவும் ஊரார் தலையிலேயே வரியாக விழுந்தது. தலைவர்களுக்குச் சிலை உண்டு. அன்று தெருவில் இறங்கியவர்களுக்கு ஆவணம்கூட அரிது. அவர்களைத் தேடிப் போவதுதான் இந்த ஆய்வை விறுவிறுப்பாக்குகிறது. ஆய்வு என்றதும் மிரளும் வாசகர்கூட இதில் தைரியமாக இறங்கலாம்.

மொழிபெயர்ப்பு விருது ப. விமலாவுக்கு. மலையாளத்தில் நளினி ஜமீலா எழுதிய நினைவுக்குறிப்புகளை 'எனது ஆண்கள்' என்று தமிழாக்கியவர். பாலியல் தொழிலாளியான ஜமீலாவின் தன்வரலாறு 2005இல் வந்து கேரளத்தைக் கலக்கியது. அது தம் குரலாக இல்லை என்று அதையே அவர் திருத்தி மறுபடி வெளியிட்டார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். 'எனது ஆண்கள்' நூலில் தாம் சந்தித்த ஆண்களைப் பற்றிப் பேசுகிறார். பரிதாபம் தேடுகிறவர்கள் ஏமாறுவார்கள்.

சிறுகதைக்கு லோகேஷ் ரகுராமனின் 'விஷ்ணு வந்தார்'. யுவ புரஸ்கார் 35 வயதுக்கு மேற்படாதவர்களுக்கானது என்பதால், இளம் எழுத்தாளர்களை அறிய அந்தப் பட்டியல் நல்ல வாசல். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, பால சாகித்திய புரஸ்கார் பெற்ற யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்'. மலையாள நாவலான 'கசாக்கின் இதிகாச'த்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் இவரே.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அகாதெமியின் முதன்மை விருதுக்கு, சில ஆண்டுகளுக்கு முன் வெளியானவற்றையே பரிசீலிக்கிறார்கள். எனவே புத்தகக் காட்சிக்குப் புதிதாக வந்த நூல் இதில் அகப்படாது. வெளியீட்டு விழா ஆரவாரம் அடங்கிய பிறகும் நிற்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை என்பேன்.

நாவல் இல்லாமல் ஆகாது என்பவர்கள் 2023இல் விருது பெற்ற தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' நாவலைச் சேர்த்துக்கொள்ளலாம். கொங்கு வட்டாரக் குடிநாவிதர் வாழ்க்கை, அளவில் சிறியது.

கவிதைக்குத்தான் இடமில்லை. தமிழில் கவிதை நூல் ஒன்று கடைசியாக முதன்மை விருதுக்குத் தேர்வானது 2017இல், இன்குலாப்பின் 'காந்தள் நாட்கள்'. கவிஞர் அப்போது உயிருடன் இல்லை. அவர் குடும்பத்தார் விருதை ஏற்க மறுத்துவிட்டார்கள்.