பதினோராவது தென்னம்பிள்ளை

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வரப்போரம் 200 அடிக்கு ஒற்றை வரிசையாகத் தென்னை வைக்க வேண்டும். வரப்போர நடவுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் இடைவெளி 20 அடி. எத்தனை பிள்ளை வாங்குவது? 200-ஐ 20-ஆல் வகுத்து 10 வாங்கி வந்தால் கடைசிக் குழி சும்மா கிடக்கும். 10 என்பது இடைவெளிகளின் கணக்கு. முதல் குழி 0-இல், கடைசிக் குழி 200-இல். ஆக, குழிகள் 11.

அதற்காகப் போகிற இடமெல்லாம் ஒன்றைக் கூட்டிக்கொள்ளவும் முடியாது. பக்கத்துக்கு 200 அடி உள்ள சதுரத் தோட்டத்தைச் சுற்றி நட 40 பிள்ளை போதும். பக்கத்துக்கு 11 வீதம் 44 வாங்கினால், நான்கு மூலைகளையும் இரண்டு தடவை எண்ணிவிட்டோம் என்று பொருள்.

புரோகிராமிங் பழகுகிறவர்கள் முதலில் சறுக்குவதும் இங்கேதான். நம் பாடநூல்களில் பதினொன்றாம் வகுப்பு சி++ பாடத்திலேயே 'மடக்கு' வந்துவிடுகிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது மடக்கு. எப்போது நிறுத்துவது என்பது அதன் நிபந்தனையின் கையில். தூரத்தை 0-இல் தொடங்கி இருபது இருபதாகக் கூட்டி, 'தூரம் < 200' என்று நிபந்தனை வைத்தால் 180-இலேயே வேலை முடிந்துவிடும்: 10 குழி. 'தூரம் <= 200' என்றால் 11. வித்தியாசம் ஒரு சமக்குறிதான். இதைத்தான் 'ஆஃப்-பை-ஒன்' பிழை என்கிறார்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர் இதற்கு முணுமுணுக்கக்கூடச் செய்யாது. தப்பான விடையைத் தெம்பாகக் கொடுக்கும்.

பைத்தான் மொழியில் எண்களை வரிசையாகத் தரும் 'ரேஞ்ச்' இறுதி எண்ணை எப்போதும் விட்டுவிடும். புதியவர்களுக்கு எரிச்சலூட்டும் இந்த வகைக் கணக்குக்கு, டச்சு கணினி அறிஞர் டெய்க்ஸ்ட்ரா 1982-இல் எழுதிய குறிப்பில் நியாயம் இருக்கிறது: தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விட்டால், கழித்தாலே எண்ணிக்கை வந்துவிடும். 3 முதல் 8 வரை என்றால் 5 எண்கள். நான் அவர் கட்சி.

லினக்ஸில் நிர்வாகி அதிகாரம் தரும் 'சுடோ' மென்பொருளிலேயே ஓர் ஆஃப்-பை-ஒன் பிழை 2011-இல் புகுந்து, 2021 ஜனவரியில்தான் அம்பலமானது. கொடுக்கும் சொல் பின்சாய்வுக் கோட்டில் முடிந்தால், மடக்கு முடிவைத் தாண்டி அடுத்த நினைவகத்துக்குள்ளும் ஓடியது. சாதாரணப் பயனர் முழு அதிகாரத்தையும் பிடுங்கிக்கொள்ள அந்த ஓட்டை போதுமானதாக இருந்தது.

நிபந்தனை எழுதியதும் 200-ஐ வைத்துச் சோதிக்காதீர்கள். 0, 20, 30 என்று சின்ன எண்களைத் தாளில் கையால் ஓட்டிப் பாருங்கள். 20 அடி வரப்புக்கு இரண்டு குழி வர வேண்டும்; ஒன்றுதான் வருகிறது என்றால் குறியை மாற்றுங்கள்.